மெடிக்கல் போர்டு ஊனச் சான்று: சதவீதம் வரும், விளக்கம் வராது

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்கில், அதாவது எம்.சி.ஓ.பி.யில், காயம்பட்டவர் தரப்பு நிபுணர் சாட்சி என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: எலும்பு மருத்துவர். தமிழ்நாட்டில் அந்த இடத்தை இப்போது அரசு மருத்துவமனைகளின் மெடிக்கல் போர்டு, அதாவது டாக்டர்கள் குழு, பெருமளவுக்குப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தீர்ப்பாயம் கடிதம் கொடுத்து அனுப்பும். போர்டு பரிசோதித்து ஊனத்தின் சதவீதத்தை எழுதும். அந்தச் சான்று மனுதாரர் தரப்பு ஆவணமாக இல்லாமல் நீதிமன்ற ஆவணமாக, வழக்கமாக 'சி1' என்று, குறியிடப்படும். இந்தச் சேவை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பார்க்கலாம்.

போர்டு ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பழைய வழக்கத்தைப் பார்த்தாலே போதும். சிகிச்சை கொடுத்த டாக்டர் கோர்ட்டுக்கு வரமாட்டார். அதனால் சிகிச்சையே கொடுக்காத ஒரு தனியார் டாக்டர் ஒருநாள் பார்த்துவிட்டு 45%, 50% என்று எழுதிக் கொடுத்துச் சாட்சி சொல்வார். இன்ஷூரன்ஸ் வக்கீலின் குறுக்கு விசாரணையில் கேள்விகள் மாறவே மாறாது: நீங்கள் சிகிச்சை கொடுத்தீர்களா? பழைய எக்ஸ்ரே பார்த்தீர்களா? எந்த வழிகாட்டியின்படி அளந்தீர்கள்? உங்கள் ஓ.பி. பதிவேட்டில் இவர் பெயர் இருக்கிறதா? நான்குக்கும் பதில் தடுமாறினால் தீர்ப்பாயம் 45-ஐ 30 ஆகவோ 25 ஆகவோ வெட்டிவிடும். உண்மையிலேயே 45% ஊனமுள்ளவரும் அந்த வெட்டில் சேர்த்து அடிபடுவார். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சிகிச்சை கொடுக்காமலேயே தாராளமாகச் சான்று வழங்கும் டாக்டர்கள் விஷயத்தில் தீர்ப்பாயங்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றது. ஊன அளவைப் பற்றிச் சந்தேகம் வந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பலாம் என்றும் சொன்னது.

சதவீதம் என்ற ஒரு விஷயத்தில் போர்டுக்குத் தயங்காமல் நல்ல மதிப்பெண் கொடுக்கலாம். யார் பக்கமும் சாராதது என்ற நம்பிக்கை அதற்கு இருக்கிறது. மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் ஊன மதிப்பீட்டு வழிகாட்டிகளை வைத்து அளப்பதால் எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்கும். காலுக்கு இயக்கம், நிலைத்தன்மை என்று இரண்டு பகுதிகள் உண்டு. கைக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரையிலான இயக்கம் ஒரு பகுதி, விரல்களின் பிடிமானமும் உணர்ச்சியும் பலமும் இன்னொரு பகுதி. கால் குட்டையாகிவிட்டால் முதல் அரை அங்குலத்துக்கு எதுவும் கிடையாது. அதற்கு மேல் ஒவ்வொரு அரை அங்குலத்துக்கும் 4%.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் கணக்கு ஒன்று உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு குறைபாடுகள், ஒன்று 30%, மற்றது 20% என்றால் கூட்டி 50% என்று எழுத முடியாது. பெரியதை அப்படியே வைத்து, 90-இல் மீதமிருக்கும் பங்குக்கு ஏற்பச் சிறியதைச் சுருக்கிச் சேர்க்க வேண்டும். 90-இலிருந்து 30 போக மீதி 60. இருபதை 60-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13.33. மொத்தம் 43.33%. தனியார் சான்றுகளில் நேராகக் கூட்டிப் போட்ட எண்கள் சர்வசாதாரணம். குறுக்கு விசாரணையில் இந்த ஒரு கணக்கே டாக்டரைக் கவிழ்த்துவிடும்.

அடுத்த குழப்பம், எண் உறுப்புக்கா முழு உடலுக்கா என்பது. சான்றில் 'இடது கீழ்க்கால் சார்ந்து 45%' என்று இருந்தால் அது முழு உடலுக்கு 45% ஆகாது. மேலே சொன்ன உச்ச நீதிமன்ற வழக்கே இதற்கு உதாரணம். அதில் மாவட்ட மருத்துவமனை இடது காலுக்கு 45% கொடுத்திருந்தது. முழு உடலுக்கு அதை 25% என்று மதிப்பிட்ட நீதிமன்றம், வருவாய் இழப்பை 20% என்று நிர்ணயித்தது. போர்டு சான்று கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது இந்த வரியைத்தான். எழுதாமல் விட்டிருந்தால் உடனே விளக்கம் கேட்டு மனுப் போடுங்கள். வாதம் நடக்கும் நாளில் நினைவுக்கு வந்து பயனில்லை.

போர்டுக்குப் போகும் நாளில் கையில் என்ன இருக்க வேண்டும்? தீர்ப்பாயக் கடிதம், அடையாள அட்டை, புகைப்படம் என்பதெல்லாம் எல்லோரும் கொண்டுபோவார்கள். விட்டுப்போவது பழைய எக்ஸ்ரே பிலிம்கள், ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்து நடந்த அன்று எழுதிய ஏ.ஆர். காப்பி (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்). போர்டு புதிதாக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் எலும்பு கூடி நேராகிவிட்ட படத்தை மட்டும் பார்த்தால், முதலில் அது எத்தனை துண்டாக இருந்தது, மூட்டுக்குள் விரிசல் போயிருந்ததா என்பதெல்லாம் தெரியாது. ஏ.ஆர். காப்பி இல்லாவிட்டால் இந்த ஊனம் இந்த விபத்தால் வந்ததா என்ற கேள்விக்கும் இடம் விட்டதாகும். சீக்கிரம் போவதும் தவறு. எலும்பு கூடாமல், பிசியோதெரபி முடியாமல் போனால் 'தற்காலிக ஊனம்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள், அல்லது இன்னொரு முறை வரச் சொல்வார்கள். நிரந்தர ஊனம் என்பதே சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகும் மிஞ்சி நிற்பது.

தலைக்காயம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். எலும்பு மருத்துவர் மட்டும் கையெழுத்திட்ட சான்றில் ஞாபக மறதியும் கோபமும் வலிப்பும் ஒரு வரியில் முடிந்துவிடும். நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும், உளவியல் சோதனையும் வேண்டும் என்று தீர்ப்பாயக் கடிதத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண் மருத்துவர், காதுக்கு ஆடியோகிராம், அதே முறைதான்.

இனி குறைக்கு வருவோம். போர்டு கொடுப்பது ஒரு எண். அந்த எண் அப்படியே பணமாகாது. அதே 2010 தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்துவிட்டது: ஊனம் எவ்வளவு என்று டாக்டர் சொல்லலாம், அதனால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யும். இடது கை போனால் ஊனம் 60% என்று வைத்துக்கொண்டாலும், டிரைவருக்கோ தச்சருக்கோ வருமானம் கிட்டத்தட்ட முழுதுமே போகும், அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம் என்பது அந்தத் தீர்ப்பே தரும் உதாரணம். பிறகு வந்த வழக்குகளிலும் இதே பார்வைதான். 60% ஊனச் சான்று வைத்திருந்த வண்டி இழுக்கும் தொழிலாளிக்கு உச்ச நீதிமன்றம் 2012-இல் 90% வருவாய் இழப்பு கொடுத்தது. வலது கை இழந்த டேட்டா என்ட்ரி பணியாளருக்கு 89% சான்று இருந்தும் உயர் நீதிமன்றம் 45% ஆகக் குறைத்திருந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை 65% ஆக்கியது.

இதில் புரளும் தொகையைப் பார்த்தால்தான் விஷயத்தின் கனம் தெரியும். 32 வயதுத் தையல்காரர், வலது கணுக்கால் மடங்காது, போர்டு சான்று முழு உடலுக்கு 20% என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாயம் மாத வருமானம் ரூ.15,000 என்று எடுத்துக்கொள்கிறது. சுயதொழில், 40 வயதுக்குக் கீழ் என்பதால் 2017-இன் பிரணய் சேத்தி தீர்ப்பின்படி எதிர்கால உயர்வு 40% சேர்த்தால் ரூ.21,000. ஆண்டுக்கு ரூ.2,52,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயதுக்குப் பெருக்கி, அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. மொத்தம் ரூ.40,32,000. இதில் 20% என்றால் ரூ.8,06,400. மிதி இயந்திரத்தில் உட்கார முடியாது என்பது நிரூபணமாகி 40% என்று ஏற்கப்பட்டால் ரூ.16,12,800. தொழிலைப் பற்றி ஒரு வார்த்தைச் சாட்சியமும் இல்லையென்றால்? வருவாய் இழப்பே நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி, ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு ரூபாய் என்ற முறைக்குத் தீர்ப்பாயம் போய்விடும். ஒரு சதவீதத்துக்கு ரூ.5,000 என்று எடுத்தால் கையில் வருவது ஒரு லட்சம். கால் ஒன்றுதான், சான்றும் ஒன்றுதான்.

அந்த வித்தியாசத்தைப் போர்டு சான்று நிரப்பித் தராது. அச்சடித்த படிவத்தில் பெயர், வயது, காயம், சதவீதம், கையெழுத்துகள். 'குத்தவைக்க முடியாது', 'படி ஏற முடியாது', 'பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது' என்றெல்லாம் எழுதுவது அபூர்வம். போர்டு டாக்டர்கள் சாட்சிக் கூண்டில் ஏறுவதும் அபூர்வம். சி1 என்று குறியிட்டதோடு அவர்கள் பங்கு முடிந்தது. குறுக்கு விசாரணைத் தொல்லை இல்லாததை வக்கீல்கள் பலர் வசதியாக நினைக்கிறார்கள். சாதகமாகச் சொல்லியிருக்கக் கூடிய ஒரே நிபுணரையும் அங்கே இழந்துவிடுகிறோம் என்பது எங்கள் கருத்து.

ஆகவே போர்டு சான்றை வாங்கிய பிறகும் ஆபரேஷன் செய்த டாக்டரை விட்டுவிடக் கூடாது. சதவீதம் சொல்வதற்கு அவர் தேவையில்லை. எந்த மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, அதனால் இந்தத் தொழிலில் எந்த வேலை முடியாது, உள்ளே இருக்கும் பிளேட்டை எப்போது எடுக்க வேண்டும், அதற்கு எவ்வளவு ஆகும் என்று சொல்லத்தான் அவர் வேண்டும். வர மறுத்தால் வழி இருக்கிறது. டாக்டர்களை நாள்முழுக்கக் காக்க வைக்காமல் குறிப்பிட்ட நேரம் கொடுக்க வேண்டும், தேவைப்பட்டால் கோர்ட் கமிஷனரை அனுப்பி மருத்துவமனையிலேயே சாட்சியம் பதியலாம் என்று 2010 தீர்ப்பே சொல்கிறது. சம்மனுக்கான மனுவில் சாட்சிப் படியைக் கட்டி, கூடவே நேரம் ஒதுக்கும் கோரிக்கையையும் வையுங்கள். அதற்கும் வழியில்லை என்றால் போர்டு உறுப்பினர் ஒருவரையே அழைத்து விசாரிக்க மனுப் போடலாம். கேட்பவர்கள் குறைவு என்பதாலேயே இது கிடைக்காது என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

டாக்டர் கூண்டில் ஏறினால் முதல் விசாரணையில், அதாவது அழைத்த தரப்பு வக்கீல் கேட்கும்போதே, காரணத்தையும் சொல்ல வைக்க வேண்டும். நிபுணர் கருத்து என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு; 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்‌ஷிய அதிநியமத்தின் 39-ஆம் பிரிவு. எண் மாறியதே தவிர உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை. காரணம் இல்லாத கருத்தை நீதிபதி ஏற்க வேண்டிய கட்டாயம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யு.டி.ஐ.டி.யைக் கொண்டுவந்து, இதுவே போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அது நலத்திட்டங்களுக்கானது. அதில் 40% என்பது சலுகைகளுக்கான வாசல், அவ்வளவுதான். ஊனம் எந்த விபத்தால் வந்தது என்று அந்த அட்டை பேசாது. துணை ஆவணமாக வைத்துக்கொள்ளலாம்.

வேலை நேரத்தில் அடிபட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் (2025 நவம்பர் முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) போகிறவர்களுக்கு விதியே வேறு. அங்கே கைப் பெருவிரல் போனால் 30%, மற்றக் கண் நன்றாக இருக்க ஒரு கண் போனால் 40% என்று சட்டத்தின் அட்டவணையே வருவாய் இழப்பைச் சொல்லிவிடுகிறது. அட்டவணையில் இல்லாத காயத்துக்கு அதை மதிப்பிடுவது தகுதிபெற்ற மருத்துவர். எனவே ஊனத்தை மட்டும் சொல்லும் போர்டு சான்று அங்கே பாதி வேலையைத்தான் செய்யும். வருவாய் இழப்பு என்ற சொல்லே சான்றில் இருக்க வேண்டும்.

சான்றில் குறை தெரிந்தால் சி1 குறியிடப்படும் முன்பே எழுத்தில் ஆட்சேபணை தெரிவியுங்கள். மேல்முறையீட்டில் புதிய சான்று கொடுப்பதற்குச் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27 மிகக் குறுகிய வாசலையே திறந்து வைத்திருக்கிறது. கீழ்க் கோர்ட்டில் ஏன் கொடுக்கவில்லை என்ற கேள்விக்கு, 'போர்டு எழுதியதை அப்படியே விட்டுவிட்டோம்' என்பது பதிலாகாது.