டிரெய்னிங் டிபார்ட்மென்ட்டில் ஓராண்டு அப்ரண்டிஸ்: சேலத்துப் பட்டதாரிக்குத் தேறுமா?

‘எல் அண்ட் டி-யில் வேலை’ என்றால் சேலத்தில் பாதிப் பேர் கட்டுமானக் கம்பெனி என்றுதான் நினைப்பார்கள். இங்கே பேச்சு லேர்னிங் அண்ட் டெவலப்மென்ட் பற்றி. ஆட்களுக்கு என்ன பயிற்சி வேண்டும் என்று கண்டுபிடித்து, நடத்தி, பலித்ததா என்று அளக்கிற வேலை அது. பி.பி.ஏ., எம்.பி.ஏ. முடித்தவர் இதற்குள் நுழைய ஒரு வாசல், நாட்ஸ் எனப்படும் மத்திய அரசின் அப்ரண்டிஸ் திட்டம். அப்ரண்டிஸ் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு இன்ஜினீயரிங் படிக்காத பட்டதாரிகளும் சேரலாம். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பதிவு நாட்ஸ் போர்ட்டலிலேயே முடிந்துவிடும்.

பணத்தை முதலில் பேசிவிடலாம். 2019 விதிப்படி பட்டதாரிக்கு மாத ஸ்டைபண்ட் குறைந்தது 9,000 ரூபாய். அதில் 4,500 அரசின் பங்கு. 2025 மே மாதம் மத்திய அப்ரண்டிஸ்ஷிப் கவுன்சில் இதை 36 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும் அன்று நடப்பில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓமலூரிலிருந்தோ மல்லூரிலிருந்தோ வீட்டுச் சாப்பாட்டோடு வந்துபோகிறவருக்கு இது கட்டுப்படியாகும். டவுனில் ரூம் எடுத்துத் தங்கினால் கையைக் கடிக்கும்.

அரசுப் பங்கு வராமல் நிற்பதற்கு நம் ஊர் இனிஷியலும் ஒரு காரணம் ஆகலாம். டிகிரி சர்டிபிகேட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், பாஸ்புக்கில் இரண்டுமே இல்லை. மூன்றையும் ஒன்றாக்கிவிட்டுப் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது. நேரடி மானியம் விழும்படி ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு வருடத்தில் என்ன கற்கலாம்? சேலத்தைச் சுற்றியுள்ள ஸ்பின்னிங் மில்லையே எடுத்துக்கொள்வோம். நூல் நூற்கும் மெஷினான ரிங் ஃபிரேமில் அறுந்த நூலை ஒட்டுவதை ‘பீசிங்’ என்பார்கள். சைடருக்கு, அதாவது அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு, கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. புது ஆளுக்கு விளக்கச் சொன்னால் ‘பார்த்துக்கோ, இப்படித்தான்’ என்பதோடு முடிந்துவிடும். அப்ரண்டிஸ் அந்த ஃபிரேம் ஓரம் நின்று அட்டவணை போட்டு மூன்று பத்தியில் எழுத வேண்டும்: படி, கவனிக்க வேண்டியது, காரணம். முழங்காலால் பிரேக்கை அழுத்தி, பாபின் சுழலும் கதிரை நிறுத்து. கையால் நிறுத்தினால் விரலில் அடிபடும். பாபினிலிருந்து நுனியை எடுத்து, வளையத்தில் ஓடும் சிறு உலோகத் துண்டான டிராவலரில் மாட்டி, மேலே உள்ள லாப்பெட் கொக்கி வழியாகக் கொண்டுபோ. பிரேக்கை விட்டதும் முன் ரோலரில் வரும் பஞ்சில் நுனியை வை. நுனி நீளமாக மேலேறினால் அந்த இடம் தடிக்கும். பின்னால் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் மெஷின் அதைக் குறை என்று கண்டு வெட்டித் தள்ளும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவான முறை இது. ஆளைத் தயார்செய், செய்துகாட்டு, செய்யவிடு, பின்தொடர் என்று அதில் நான்கு கட்டம். நம் ஊரில் கோட்டை விடுவது நான்காவதில். ஒடிசா, பீகார் ஆட்கள் அதிகமுள்ள மில்லில், இந்தி தெரிந்த சீனியரை வைத்து மொழிபெயர்த்தால் படி போய்ச் சேரும், காரணம் போய்ச் சேராது. படம் போட்ட அட்டையும் ஒரு வாரம் கழித்துப் பத்து பீசிங் செய்யச் சொல்லி எத்தனை தடித்தது என்ற எண்ணிக்கையும் வேண்டும். இப்படி ஐந்தாறு வேலைகளுக்கு எழுதி வைத்தவரின் ஃபைலை எந்த இன்டர்வியூவிலும் புரட்டிப் பார்ப்பார்கள். பி.பி.டி. ஸ்லைடை யார் வேண்டுமானாலும் காட்டலாம்.

மோசமான பக்கமும் உண்டு. பல இடங்களில் டிரெய்னிங் பிரிவு என்றால் ஒன்றிரண்டு பேர்தான். ஐ.எஸ்.ஓ. தரச் சான்றுக்கு வரும் ஆடிட்டர் ஆட்களின் தகுதிக்கு ஆதாரம் கேட்பார் என்பதால், அப்ரண்டிஸை உட்கார வைத்து வருகைப் பதிவேட்டை நிரப்பச் சொல்வார்கள். வருடம் முழுக்க இது என்றால் நீங்கள் கற்றது கிளார்க் வேலை. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: ஒப்பந்தம் போர்ட்டலில் பதிவாகுமா, மாதவாரி பயிற்சித் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, மெஷின் ஓடும் ஃப்ளோரில் யார் மேற்பார்வை? மூன்றாவதற்குப் பெயர் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். முடிவில் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது கம்பெனியின் கொள்கை. அதையும் முதலிலேயே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஏற்கெனவே ஓராண்டோ அதற்கு மேலோ வேலை பார்த்தவருக்கு இந்த வாசல் மூடியது. பிரிட்டனில் பயிற்சியாளர் வேலைக்கே லெவல் 3, லெவல் 5 என அப்ரண்டிஸ்ஷிப் உண்டு, வேலையில் இருந்துகொண்டே சேரலாம்; இங்கே அந்த வசதி இல்லை. ஆனால் சுற்றுவழி இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் அப்ரண்டிஸ் வைத்தாக வேண்டும். 400 பேர் மில்லில் குறைந்தது 10 பேர். அவர்களுக்குத் திட்டம் போட்டு, ஒப்பந்தம் ஏற்றி, மதிப்பிடும் பொறுப்பை யாரும் விரும்பி எடுப்பதில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிரேட் தெரிந்த ஐ.டி.ஐ. ஆள் என்றால் கிண்டியில் உள்ள மத்திய அரசின் திறன் பயிற்சி நிறுவனமான என்.எஸ்.டி.ஐ.-யில் ஓராண்டு இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி, சி.ஐ.டி.எஸ்., இதைவிட நேரான பாதை.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். மீதி ஒன்றரை, ஃப்ளோருக்கு அனுப்பாத கம்பெனிகளுக்காகப் பிடித்தது.