ஏற்காடு மண்ணு குடுத்தேன், உரக்கடை பவுடர் வந்துச்சு

சேலத்துல சாம்பிள் அனாலிசிஸ் பண்ணித் தர்றோம்னு சொல்ற இடங்கள்ல மண்ணு குடுத்து ஹியூமிக் ஆசிட் (இலைதழை மக்கி மண்ணுல சேர்ற கருப்புப் பொருள்) பிரிச்சு வாங்க நினைக்கிறவங்க, முக்கியமா பிஎச்டி கடைசி வருஷ அவசரத்துல இருக்குறவங்க, தயவுசெஞ்சு இத முழுசா படிங்க. எனக்குப் போனது 18,000 ரூபாயும் நாலு மாசமும். அந்த இடத்தோட பேரு இங்க போடல, நடந்தத அப்படியே எழுதுறேன்.

என் வேலை ஏற்காட்டு காபித் தோட்ட மண்ணுல. சில்வர் ஓக் நிழல்ல வருஷக்கணக்கா இலை விழுந்து மக்குன மண்ணு, மேல கருப்பா இருக்கும், கொஞ்சம் தோண்டுனா செம்மண்ணு வந்துரும். தோட்டத்து மேஸ்திரி அண்ணன் கூடவே நின்னு குழி வெட்டிக் குடுத்தாரு, 0-15, 15-30, 30-45 சென்டிமீட்டர்னு மூணு ஆழத்துல எடுத்து, நிழல்ல காயவெச்சு, 2 மில்லிமீட்டர் சல்லடைல சலிச்சு, பஸ்ல மடியிலயே வெச்சுக்கிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தேன். எங்க லேப்ல சென்ட்ரிஃப்யூஜ் (வேகமா சுத்திப் படிவத்தப் பிரிக்கிற மெஷின்) ரிப்பேர், அதனாலதான் வெளிய குடுக்க வேண்டியதாப் போச்சு.

நான் எழுதிக் குடுத்தது ஐஎச்எஸ்எஸ் (சர்வதேச ஹியூமிக் பொருள் சங்கம்) முறை. மொதல்ல மண்ண ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கழுவணும், அப்புறம் 0.1 மோலார் காஸ்டிக் சோடால, ஒரு கிராம் மண்ணுக்கு 10 மில்லின்னு, நைட்ரஜன் விட்டுக் குறைஞ்சது 4 மணி நேரம் குலுக்கணும், ஏன்னா காரத்துல இருக்கும்போது காத்து பட்டா ஹியூமிக் ஆக்ஸிடைஸ் ஆயிரும். தெளிஞ்ச கருப்புத் தண்ணிய எடுத்து ஆசிட் விட்டு பிஎச் 1க்கு கொண்டுவந்தா ஹியூமிக் ஆசிட் திரிஞ்ச மாதிரி கீழ படியும், கூட வர்ற ஃபல்விக் ஆசிட் மேல கரைஞ்சே நிக்கும், காரத்துலயும் கரையாத ஹியூமின் முன்னாடியே மண்ணோட தங்கிரும். படிஞ்சதுல களிமண் ஒட்டியிருக்கும், அதுக்கு ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் சேத்துக் கழுவி, டயாலிசிஸ் பைல (உப்பு மட்டும் வெளிய போற சவ்வுப் பை) போட்டு, வெளித் தண்ணில சில்வர் நைட்ரேட் விட்டா வெள்ளையா கலங்குறது (குளோரைடு இருக்குற அடையாளம்) நிக்குற வரைக்கும் தண்ணி மாத்தி, கடைசில உறையவெச்சு உலத்தணும். ரெண்டு மூணு வாரம் உக்காந்து பாக்க வேண்டிய வேலை இது. "பத்து நாள்ல ரெடி மேடம்"னாங்க. பாதிப் பணம் அன்னைக்கே ஜிபே பண்ணிட்டேன்.

பத்து நாள் ரெண்டு மாசமாச்சு, அது போகட்டும். கடைசில மூணு குப்பில பளபளன்னு கருப்புப் பவுடர், ஸ்பைரல் போட்ட ரிப்போர்ட். ஒவ்வொரு மண்ணுலயும் 50 கிராமுக்கு 6 கிராம் ஹியூமிக் ஆசிட் கிடைச்சுதாம். இங்கதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. மேல்மண்ணுக்கு நானே வாக்லி பிளாக் முறைல ஆர்கானிக் கார்பன் (மக்குன பொருள்ல இருக்குற கார்பன்) பாத்து வெச்சிருந்தேன், 3.2 சதவீதம், அதாவது 50 கிராம் மண்ணுல இருக்குற மொத்தக் கார்பனே 1.6 கிராம்தான். அவங்க ரிப்போர்ட்ல ஹியூமிக்ல கார்பன் 54.2 சதவீதம், அப்ப 6 கிராம்லயே 3.25 கிராம் கார்பன் வருது. மண்ணுல இல்லாத கார்பன் எங்கிருந்து வந்துச்சு? அதுலயும் அடி மண்ணுல கார்பன் கொறையணும், இங்க மூணு ஆழத்துக்கும் ஒரே அளவு.

அன்னைக்கு ராத்திரியே ஒரு சிட்டிகை எடுத்து வெறும் தண்ணில போட்டேன். சுத்தமான ஹியூமிக் ஆசிட் தண்ணில லேசா நிறம் விடும், அவ்வளவுதான், அடியிலயே கிடக்கும். இது போட்ட உடனே மொத்தமா கரைஞ்சு டிகாக்ஷன் மாதிரி ஆயிருச்சு, பிஎச் 9க்கு மேல. உரக்கடைல சொட்டுநீருக்கு விக்கிற பொட்டாசியம் ஹியூமேட் இப்படித்தான் கரையும், அத பெரும்பாலும் பழுப்பு நிலக்கரில இருந்து எடுப்பாங்க. மறுநாள் மஃபிள் ஃபர்னஸ்ல வெச்சு எரிச்சேன், 24 சதவீதம் சாம்பல் நின்னுச்சு. ஒழுங்கா சுத்தம் பண்ணுனதுல 1 சதவீதத்துக்குக் கீழதான் நிக்கணும். ரிப்போர்ட்ல சாம்பல்னு ஒரு வரியே இல்ல, கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், சல்ஃபர், ஆக்ஸிஜன் எல்லாம் கூட்டினா சரியா 100, சாம்பலுக்கு இடமே இல்ல. எஃப்டிஐஆர் (இன்ஃப்ராரெட் ஒளி விட்டு என்னென்ன வேதித் தொகுதி இருக்குன்னு பாக்குற டெஸ்ட்) கிராஃப் மூணையும் ஜன்னல் கண்ணாடில ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்தேன், 1720ல கார்பாக்ஸில், 1620 பக்கம் அரோமேட்டிக் எல்லாம் இருக்கு, ஆனா 2350 கிட்ட காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடால வர்ற குட்டிக் கீறல்கூட அச்சு மாறாம ஒண்ணா இருக்கு. ஒரே ஓட்டத்த மூணு தடவ பிரிண்ட் எடுத்திருக்காங்க.

நேர்ல போய்க் கேட்டேன். அங்க இருந்தவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கு: "மேடம், கைடு கிராஃப மட்டும்தான் பாப்பாரு, நீங்க ஏன் டென்ஷன் ஆகுறீங்க." எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பணத்துக்காக இல்ல. அந்த அண்ணன் வெயில்ல வெட்டிக் குடுத்த மண்ணத் திறந்துகூட பாக்காம எவனோ செஞ்ச பவுடர என் தீசிஸ்ல ஏத்தப் பாத்தாங்களேன்னு. மண்ணத் திருப்பிக் குடுங்கன்னேன், கொட்டிட்டோம்னாங்க. பணமும் வரல.

வெளிய குடுக்கறதா இருந்தா பாதி மண்ண கண்டிப்பா உங்ககிட்டயே வெச்சுக்கோங்க, ஆர்கானிக் கார்பன முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, சாம்பல் சதவீதமும் எஃப்டிஐஆரோட ஒரிஜினல் டேட்டா ஃபைலும் தரணும்னு எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க. பவுடர் கைக்கு வந்ததும் மீதிப் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி அங்கயே ஒரு கிளாஸ் தண்ணில போட்டுப் பாருங்க.

நல்லவேளை என்கிட்ட ஒவ்வொரு ஆழத்துலயும் கால் கிலோ மீதி இருந்துச்சு. பக்கத்து டிபார்ட்மென்ட்ல கெஞ்சி சென்ட்ரிஃப்யூஜ் வாங்கி நானே ஆரம்பிச்சேன். நேத்து மேல்மண்ணு முடிஞ்சுது, 50 கிராம்ல 0.41 கிராம். தண்ணில போட்டேன், அடியிலயே கிடக்கு.