சோப்பு நுரையா, ஸ்கேனரா?

காலையில் பார்த்தால் காரின் ஒரு மூலை மட்டும் குந்தியிருக்கிறது. ஏர் சஸ்பென்ஷன் வண்டி (இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரம்பிய ரப்பர் பை தாங்கும் வண்டி) வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. காரணத்தை வீட்டிலேயே தேட இரண்டு வழிகள்: சோப்புத் தண்ணீர், ஸ்கேனர் (காரின் கணினி பதிந்துவைத்த கோளாறுகளைப் படிக்கும் கருவி).

என் ஓட்டு முதலில் சோப்புத் தண்ணீருக்குத்தான். அதற்கும் முன்னால், ராத்திரி வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். விடிந்ததும் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்தப் பக்கத்து ஏர் ஸ்பிரிங் (அந்த ரப்பர் பை), காற்றுக் குழாய், காற்றைப் பிரித்து விடும் வால்வு பிளாக் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் காற்று கசிகிறது. வண்டியை ஸ்டார்ட் செய்து உயர்த்தி, ரப்பர் மடிப்பிலும் இணைப்புகளிலும் நுரையைத் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். மதுரை வெயிலில் மதியம் தெளித்தால் நுரை நிற்பதற்குள் காய்ந்துவிடும், காலைதான் சரி. வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுக்காமல் அடியில் தலையை விடாதீர்கள். காற்று இறங்கினால் வண்டி அப்படியே உட்கார்ந்துவிடும்.

ஸ்கேனர் வேறு ரகம். காரின் சோதனை சாக்கெட்டில் செருகும் மலிவான ஓபிடி கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோளாறை மட்டும்தான் படிக்கும். சஸ்பென்ஷனுக்கான கணினிப் பெட்டியையும் (மாட்யூல்) படிக்கும் கருவி என்றால் விலை கூடும். ஆனால் உயர சென்சார் தப்பாகக் காட்டுகிறதா, காற்றை நிரப்பும் கம்ப்ரஸருக்கு மின்சாரம் போகிறதா என்பதெல்லாம் நுரைக்குத் தெரியாது. ஸ்கேனருக்கோ ஓட்டை எங்கே என்று தெரியாது. வில்லாபுரத்து நண்பர் ஒருவர், கம்ப்ரஸர் சூடாகிறது என்று ஸ்கேனர் காட்டிய பிழைக் குறியீட்டை நம்பிப் புது கம்ப்ரஸரே போட்டார். ஓட்டை ஸ்பிரிங்கில் இருந்தது. அதை ஈடுகட்ட ஓய்வில்லாமல் ஓடித்தான் பழையது சூடேறியிருக்கிறது. இப்போது புதியதும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.