சுழித்தட்டும் குருணைச் சோறும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்து, நாய் அவசரமாக விழுங்காமல் மெதுவாகத் தின்பதற்கென்று விற்கிறார்களே ஸ்லோ ஃபீடர் தட்டு, அது 649 ரூபாயிலிருந்து 380 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டாள். அவள் வீட்டில் ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டி ஒன்று வளர்கிறது. இரண்டரை ஆண்டுகளாக அதே தட்டை நாள்தோறும் இருவேளை கழுவிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம்; ஆனால் அந்த ஒரு சொல் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் மணி நான்கு வயது லாப்ரடார். சோற்றைக் கண்டால் அவனுக்கு உலகம் மறந்துவிடும். இதில் அவனை மட்டும் குறை சொல்லவும் முடியாது. லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் பசியை அடக்கும் மரபணு ஒன்றில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதாகவும், அந்த நாய்கள் உணவின்மேல் கூடுதல் நாட்டம் கொண்டு எடையும் கூடுவதாகவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். மணிக்கு அந்தச் சோதனையைச் செய்து பார்த்ததில்லை. அவன் எவர்சில்வர் தட்டைக் காலி செய்வதைக் கடிகாரம் வைத்துப் பார்த்ததில் நாற்பத்தைந்து வினாடி வந்தது, எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. தின்ற கையோடு பாதியைக் கக்கிவிட்டு, கக்கியதையும் திரும்பத் தின்பான். பெரிய உடம்புள்ள நாய் அவசரமாக விழுங்கினால் காற்றும் சேர்ந்து உள்ளே போகும் என்றும், வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்துக்கு வேகமாகத் தின்பதும் ஒரு காரணம் என்றும், வயிறு புடைத்து, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் அந்த மணி நேரத்திலேயே ஓடிவர வேண்டும் என்றும் கால்நடை மருத்துவர் எச்சரித்த அன்று மாலையே இந்தத் தட்டை வாங்கினேன். உயரமான தாங்கியில் வைத்து ஊட்டினால் நல்லது என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பெரிய இன நாய்களை ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பர்டூ பல்கலைக்கழக ஆய்வு, உயர்த்தி வைத்த தட்டோடு அதே வயிற்று முறுக்கலின் ஆபத்து கூடுவதாகத்தான் சொல்லியிருந்தது.

தட்டின் வேலையைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே நத்தை ஓடு போலச் சுழன்று செல்லும் பிளாஸ்டிக் மேடுகள், அவற்றுக்கிடையே விரல் பருமனுள்ள பள்ளங்கள். முதல் நாள் உலர் உணவைப் போட்டபோது நாற்பத்தைந்து வினாடி பதினோரு நிமிடமாக நீண்டது. கக்குவது அந்த வாரத்தோடு நின்றது, இன்றுவரை திரும்பவில்லை. வாங்கிய காசு அப்போதே செரித்துவிட்டது என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் பதினொன்று ஆறாகியது, இப்போது நான்கு. நாக்கை எந்தப் பள்ளத்தில் எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். நாற்பத்தைந்து வினாடியோடு ஒப்பிட்டால் நான்கு நிமிடமும் நல்லதுதான்.

எடை குறையும் என்று பெட்டியின்மேல் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். மணி 39 கிலோவிலிருந்து 34க்கு இறங்கியது, உணவை டம்ளரால் அளந்து போடத் தொடங்கியதாலும், நாங்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கொடுத்துவந்த பிஸ்கட்டுகளை ஒரே டப்பாவில் போட்டு எண்ணத் தொடங்கியதாலும்தான். இருநூறு கிராமை நான்கு நிமிடத்தில் தின்றாலும் நாற்பது நிமிடத்தில் தின்றாலும் அது இருநூறு கிராம்தான்.

இனி குருணைக்கு வருகிறேன். இந்தத் தட்டை வடிவமைத்தவர் நாய் உலர் உணவை மட்டும்தான் தின்னும் என்று நினைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் காலை உலர் உணவு, இரவு குருணைச் சோறு. குருணையோடு எலும்பு நீக்கிய கோழி, கொஞ்சம் ஈரல், கேரட் எல்லாம் சேர்த்து உப்பில்லாமல் குழைய வேகவைப்பது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால் எங்கள் குழம்புச் சட்டியின் பக்கமே அது போவதில்லை. தமிழ்நாட்டில் நாய் வளர்க்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இரவுச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும் என்று துணிந்து சொல்வேன். குழைந்த குருணை அந்தச் சுழிகளுக்குள் போனால் மணி தன் நாக்கின் முழு நீளத்தையும் செலவழித்தாலும் மேட்டின் அடிவாரத்தில் வரிசையாக ஒரு பருக்கைக் கோடு மிஞ்சும். கால் மணி நேரம் விட்டால் அது பசையாகும், இரவு முழுதும் விட்டால் சுவரில் அடித்த சுண்ணாம்பாகும். தேங்காய் நார் பள்ளத்துக்குள் இறங்காது. பாத்திரம் தேய்க்கும் கம்பிச்சுருள் பிளாஸ்டிக்கைக் கீறிவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ் நேரான பள்ளம் வரை போகும், சுழியின் நடுவில் நூலளவுக்குக் குறுகும் இடத்தில் தோற்றுப்போகும். அங்கே நான் கண்டுபிடித்த ஒரே கருவி துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்கு. இரவு பத்து மணிக்குக் கொல்லைக் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈர்க்கின் நுனியால் ஒவ்வொரு பருக்கையாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அத்தை சொன்னார்: “நாய்க்குப் பத்து நிமிசம் கூடுதலா ஆகுதோ இல்லையோ, உனக்கு அரைமணி நேரம் போகுது.”

இது வெறும் அலுப்பு என்று நினைத்திருந்தேன். இரண்டாவது மழைக்காலத்தில் மணியின் கீழ்த்தாடையில் சிறு சிறு பருக்கள் தோன்றி, தரையில் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகின. மருத்துவர் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த திரவத்தால் தாடையைத் துடைக்கச் சொல்லிவிட்டு, சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்து, கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கொழுப்பும் கிருமியும் தங்கும் என்றும், இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாவிட்டாலும் எவர்சில்வருக்கு மாறிப் பாருங்கள் என்றும் சொன்னார். மாற்றினேன். மூன்று வாரத்தில் தாடை ஆறியது. அதே மூன்று வாரத்தில் கக்கல் திரும்பிவிடுமோ என்ற பயமும் வந்தது. அதனால் புதிதாக இன்னொரு சுழித்தட்டு வாங்கி, அதில் உலர் உணவை மட்டும் போடுவது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு எத்தனை நாள் தாங்கும்? வெளியூர் போய்த் திரும்பினால் தட்டில் குருணை ஒட்டியிருக்கிறது.

ரப்பர் பொத்தான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டு வழுக்காமல் இருக்க அடியில் நான்கு பொத்தான்களை ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் மாதம் இரண்டு கழன்றன. ஒன்று அடுப்படியில் கிடைத்தது, மற்றொன்று கிடைக்கவேயில்லை. இரண்டு நாள் மணியின் மலத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அது பீரோவுக்கு அடியில் கிடந்தது. வாங்குபவர்கள் முதல் நாளே நான்கையும் பிடுங்கி எறிந்துவிட்டுத் தட்டை ஈரச் சாக்கின்மேல் வைப்பது நல்லது.

பொத்தான் போன பிறகு மணி ஒரு வித்தை கற்றுக்கொண்டான். முன்காலால் விளிம்பை அழுத்தித் தட்டைக் கவிழ்த்து, எல்லாவற்றையும் மொசைக் தரையில் கொட்டி, இருபது வினாடியில் தின்று முடித்தான். அதட்டிப் பயனில்லை. காலைத் தட்டின்மேல் வைத்தால் தட்டு மேலே போய்விடும், அரை நிமிடம் வராது. கால் தரையில் இருந்தால் தட்டும் தரையில் இருக்கும். இதை இருவேளையும் ஒரு வார்த்தை பேசாமல் பத்து நாள் செய்தேன். பதினோராம் நாள் காலைத் தூக்கியவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு வாசலில் செருப்பு மாட்டும்போதும், வண்டிக் கதவு திறக்கும்போதும் “இரு” என்றால் இருக்கிறான். தட்டு விற்றவர்கள் இதை எங்கும் விளம்பரப்படுத்தவில்லை.

நான் எதிர்பாராமல் கிடைத்த மற்றொரு நன்மை ஃப்ரீசரில் இருந்தது. மதுரையில் கத்திரி வெயில் நாட்களில் மணி மதியச் சூட்டில் மூச்சிரைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி நடப்பான். ஒரு நாள் இனிப்பும் உப்பும் சேர்க்காத தயிரில் நீர் கலந்து பள்ளங்களில் ஊற்றி உறையவைத்துக் கொடுத்தேன். முப்பத்தைந்து நிமிடம் நக்கினான். அதன்பின் குளியலறைத் தரையில் வயிறு படிய உறங்கிப்போனான். தயிர் கழுவுவதற்கும் எளிது, குழாயில் காட்டினாலே போய்விடும். அந்த ஆண்டுத் தீபாவளிக்குக் கோழி வேகவைத்த நீரை உறையவைத்தேன். முந்தைய ஆண்டுகளில் முதல் வெடிச் சத்தத்துக்கே கட்டிலுக்கடியில் நுழைந்து விடியும்வரை நடுங்கியவன், சன்னல் சாத்திய உள்ளறையில் மின்விசிறிச் சத்தத்துக்கிடையே அந்தத் தட்டை நக்கிக்கொண்டே இருந்தான். தெருவில் சரவெடி வைத்தபோது தலையை ஒரு முறை உயர்த்தினான், காது பின்னால் மடிந்தது, மறுபடி குனிந்துகொண்டான். அன்றிரவு இந்தத் தட்டைச் செய்தவருக்குக் கோயில் கட்டியிருப்பேன்.

மாற்று ஒன்றும் வீட்டிலேயே உண்டு. அத்தையின் பழைய இரும்புப் பணியாரக் கல்லை எடுத்து உலர் உணவைக் குழிகளில் பகிர்ந்து வைத்துப் பார்த்தேன். மூன்றரை நிமிடம் பிடித்தது. கனம் காரணமாகக் கவிழவில்லை. குழி வழவழப்பாக இருப்பதால் துணியால் துடைத்தாலே போதும். தயிருக்கு மட்டும் ஆகாது, இரும்பு கறுத்துவிடும். அத்தை கல்லைத் திரும்பக் கேட்கும்வரை அது எங்களிடம்தான் இருந்தது.

தோழிக்கு வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவளுடைய சிப்பிப்பாறை இரண்டு வாய் தின்றுவிட்டு வாசலில் அணில் ஓடுகிறதா என்று பார்க்கப் போய்விடும் சாதி; அதன்முன் புதிர் போட்டால் பட்டினி கிடக்குமே ஒழிய விடை தேடாது. பக் போன்ற தட்டை முகத்து நாய்க்கும் இவ்வளவு ஆழமான பள்ளம் எட்டாது. லாப்ரடார், பீகிள் போன்ற பெருந்தீனிக்காரர்களை உலர் உணவிலேயே வளர்ப்பவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. தீபாவளிக்கு மறுநாள் கேட்டிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன். இன்று காலை உலர் உணவைக் கொட்டும்போது சுழியின் நடுவில், முந்தாநாள் நானே ஈர்க்கு வைத்துத் துப்புரவாக எடுத்துவிட்டதாக நினைத்த இடத்தில், ஒரு குருணை மஞ்சளாக உட்கார்ந்திருந்தது.