இன்கிரஸிலிருந்து கேட்வே ஏபிஐக்கு: சுங்கை சிப்புட்டில் ஒரு சிறு கிளஸ்டரின் சில ஆண்டு அனுபவம்

சிறு செம்பனைத் தோட்டக்காரர்களின் குலை எடைப் பதிவு, ஒரு டியூஷன் மையத்தின் வருகைப் பதிவு, ஒரு கோயிலின் பால்குட முன்பதிவு ஆகிய மூன்று செயலிகளும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் உள்ள பழைய கணினிகளில், அவற்றை ஒன்றாக இணைத்துச் செயலிகளை இயக்கும் குபர்னெட்டிஸ் கிளஸ்டர் ஒன்றில் இயங்குகின்றன. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உரிய செயலிக்குப் பிரித்து அனுப்பும் பொறுப்பை, இன்கிரஸ் எனப்படும் பாதை விதிகளைப் படித்துச் செயல்படுத்தும் இன்கிரஸ் என்ஜின்எக்ஸ் கண்ட்ரோலரிடம் பல ஆண்டுகள் விட்டிருந்தேன். இவ்வாண்டு அதை முழுமையாக விலக்கி, கேட்வே ஏபிஐ என்ற புதிய விதி முறைக்கு மாறிவிட்டேன்.

ஒரு சேவையை வெளியே திறந்துவிடும் எளிய வழியான நோட்போர்ட், 30000 முதல் 32767 வரையிலான போர்ட் எண்களில் ஒன்றைத்தான் இயல்பாகத் தரும். எடைச் சீட்டைப் பார்க்க வரும் பெரியவரிடம் முகவரிக்குப் பின்னால் ஓர் எண்ணையும் தட்டச் சொல்ல முடியாது. மற்றொரு வழியான லோட்பேலன்சர் வகைச் சேவைக்கு மேகக் கணிமையில் தனி முகவரி தானாகவே கிடைத்துவிடும். சொந்தக் கணினிகளில் அதைத் தர யாரும் இல்லாததால், அந்த வேலையைச் செய்யும் மெட்டல்எல்பி என்ற மென்பொருள் தேவைப்பட்டது. அது நிறுவிய நாள் முதல் தொல்லை தந்ததில்லை.

உண்மையான சிக்கல் அதற்கும் வெளியே இருந்தது. எங்கள் பிராட்பேண்ட் இணைப்புக்குத் தனிப் பொது முகவரி கிடையாது. ஆகவே வாடகை மெய்நிகர்க் கணினி ஒன்றில் கோரிக்கைகளை வாங்கி மறு இடத்துக்கு அனுப்பும் ஹெச்ஏபிராக்சியை வைத்து, வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்கம் வழியாகக் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்கு அனுப்புகிறேன். அவ்வாறு அனுப்பினால் எல்லாக் கோரிக்கைகளும் அந்த ஒரே கணினியிலிருந்து வருவதாகவே பதிவாகும் என்பதால், பயனரின் உண்மை முகவரியைச் சேர்த்துக் கொண்டுவரும் பிராக்சி புரோட்டோகாலை இயக்க வேண்டியிருந்தது. இதை இயக்கிய கண்ட்ரோலர், அந்த முன்குறிப்பு இல்லாமல் நேரடியாக வரும் இணைப்புகளை ஏற்காது. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உள்ள டியூஷன் மையத்தின் டேப்லெட்டுகளோ உள்வலை வழியே நேரடியாக வருபவை. அவற்றுக்காக, எந்த விதியை எந்தக் கண்ட்ரோலர் கவனிப்பது என்று பிரிக்கும் இன்கிரஸ் கிளாஸ் இன்னொன்றை வைத்து இரண்டாவது கண்ட்ரோலரை நிறுவினேன். மழைக்காலத்தில் இணைப்பு அறுந்தாலும் வருகைப் பதிவு நிற்காமல் நடப்பதற்கு இந்த இரட்டை வாசலே காரணம். இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

தளங்களின் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்டின் 90 நாள் சான்றிதழ்களை செர்ட் மேனேஜர் என்ற மென்பொருள் தானே புதுப்பித்துக்கொள்கிறது.

இன்கிரஸில் குறை என்று நான் கருதுவது, கண்ட்ரோலருக்குக் கூடுதல் அமைப்புகளைச் சொல்லும் குறிப்புகளான அனோட்டேஷன்களை. இன்கிரஸின் சொந்த இலக்கணம் மிகச் சிறியது. எந்தப் பெயருக்கு, எந்தப் பாதைக்கு, எந்தச் சேவை என்பதற்கு மேல் அதில் அதிகம் எழுத முடியாது. எடைச் சீட்டின் படத்தைக் கைப்பேசியிலிருந்து ஏற்றினால், கோப்பு மிகப் பெரியது என்னும் 413 பிழை வரும், ஏனெனில் இயல்பான வரம்பு 1 எம்பி மட்டுமே. அதை உயர்த்த ஓர் அனோட்டேஷன், நேர வரம்பை நீட்ட இன்னொன்று, பாதையை மாற்றி எழுத மற்றொன்று என்று அவை பெருகுகின்றன. இவை யாவும் வெறும் எழுத்துச் சரங்கள். பெயரில் ஓர் எழுத்துத் தவறினால் எச்சரிக்கை எதுவும் இல்லாமல் புறக்கணிக்கப்படும். வேறொரு கண்ட்ரோலருக்கு இவற்றில் பெரும்பாலானவை பொருளற்றவை.

இந்தக் கண்ட்ரோலரில் கண்டறியப்பட்டு 2025 மார்ச்சில் வெளியான சிவிஇ-2025-1974 என்ற பாதுகாப்புக் குறைபாடு என் எண்ணத்தை மாற்றியது. கிளஸ்டரின் உள்வலையை எட்டக்கூடிய எவரும், எந்த அனுமதியும் இன்றி, கண்ட்ரோலருக்குள் தம் நிரலை ஓட்ட முடியும். கண்ட்ரோலரோ இயல்பாகவே கிளஸ்டரின் எல்லா ரகசியங்களையும் படிக்கும் உரிமை பெற்றது. 1.11.5, 1.12.1 பதிப்புகளில் அது சரிசெய்யப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், 2026 மார்ச்சுக்குப் பிறகு இந்தக் கண்ட்ரோலர் திட்டத்துக்குப் பராமரிப்பு இல்லை என்று குபர்னெட்டிஸ் குழுவினர் அறிவித்தனர். உலகெங்கும் இத்தனை பேர் நம்பியிருந்த மென்பொருளை, ஓரிருவர் மட்டும் வேலை நேரத்துக்குப் பின் கவனித்து வந்தனர் என்பதையும் அவ்வறிவிப்பு சொன்னது. ஓய்வு பெறுவதாக அறிவிக்கப்பட்டது இந்தக் கண்ட்ரோலர்தான்; இன்கிரஸ் ஏபிஐ நீக்கப்படவில்லை, ஆனால் அதில் புதிய வசதிகள் சேர்க்கப்படுவதில்லை.

2023 அக்டோபரில் 1.0 பதிப்பை எட்டிய கேட்வே ஏபிஐயையும், அதைச் செயல்படுத்தும் என்வாய் கேட்வேயையும் தேர்ந்தேன். வாசல் ஒரு பொருளாகவும், பாதை விதிகள் ஹெச்டிடிபிரூட் என்ற மற்றொரு பொருளாகவும் பிரிந்திருப்பதால், என் இரட்டை வாசல் அமைப்பு இதில் இயல்பாகவே பொருந்தியது. நேர வரம்பையும் பாதை மாற்றத்தையும் பொது இலக்கணத்திலேயே எழுதலாம். பிராக்சி புரோட்டோகாலுக்கு மட்டும் என்வாய் கேட்வேக்கே உரிய தனிக் கொள்கைப் பொருள் தேவைப்படுகிறது. ஆயினும் அது வடிவம் சரிபார்க்கப்படும் பொருள் என்பதால் எழுத்துப்பிழை உடனே தெரிந்துவிடும். பழைய கணினிகளுக்கு இது சற்றுக் கனமானதுதான். நினைவகம் குறைவாக உள்ளவர்கள் டிராஃபிக் (Traefik) என்ற மற்றொரு மென்பொருளையும் ஆராய்ந்து பார்க்கலாம்.

மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பெயருக்கான ஏதேனும் ஓர் இன்கிரஸில், பாதைகளை எழுத்து வடிவத்தால் ஒப்பிடும் ரெஜெக்ஸ் இயக்கப்பட்டிருந்தால், அப்பெயரின் எல்லாப் பாதைகளையும் பழைய கண்ட்ரோலர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடின்றி ஏற்றுக்கொள்ளும். அந்தத் தாராளத்தை நம்பியிருந்த பழைய இணைப்புகள் புதிய அமைப்பில், பக்கம் இல்லை என்னும் 404 பிழையைக் காட்டும்.

ஹெச்ஏபிராக்சி இணைப்பின் தொடக்கத்திலேயே தளப்பெயரைப் படித்துவிடுவதால், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியே புதிய வாசலுக்குத் திருப்ப முடிந்தது. எடைப் பதிவை முதலிலும், கோயில் முன்பதிவைத் தைப்பூச நெரிசல் தணிந்த பிறகும் மாற்றினேன். தேவைப்பட்டால் பழைய வாசலுக்குத் திரும்ப, வாடகைக் கணினியில் ஒரு வரியை மாற்றினால் போதுமானதாக இருந்தது.