கோதுமை முளை உணவுத் தூள்: புழு வளர்க்க அருமை, பயிரின் எதிர்ப்பை அளக்க எச்சரிக்கை

காய்ப்புழு, வெட்டுப்புழு, படைப்புழு ஆகியவற்றை ஆய்வகத்தில் வளர்க்கத் தயார்நிலையில் விற்கப்படும் செயற்கை உணவுத் தூளைப் பற்றிய மதிப்பீடு இது. கோதுமை முளை, பால் புரதமான கேசீன், சர்க்கரை, உப்புக் கலவை, செல்லுலோஸ், பூஞ்சைத் தடுப்பான் எல்லாம் கலந்தே வரும். உணவை உறையவைக்கும் கடற்பாசிப் பொருளான அகாரும் வைட்டமினும் தனித்தனிப் பொட்டலங்கள். வருடம் முழுக்க ஒரே சீரான புழுக்கள் வேண்டுமென்றால் இதை வாங்கலாம், தயங்க வேண்டியதில்லை. புழுவை எதிர்க்கப் பயிர் தானே உருவாக்கும் தற்காப்புப் பொருளை இதில் கலந்து புழுவின் வளர்ச்சியை அளக்கப் போகிறவர்கள் மட்டும் வாங்குமுன் கலவைப் பட்டியலை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

தயாரிப்பு எளிது. 1 லிட்டர் தண்ணீருக்குத் தூள் ஏறக்குறைய 150 கிராம், அகார் 15 முதல் 20 கிராம் பிடிக்கும். துல்லியமான அளவு பொட்டலத்திலேயே இருக்கும். அகாரைத் தெளிவாகக் கரையும்வரை கொதிக்கவிட்டு, தூளைச் சேர்த்துக் கட்டியில்லாமல் மிக்ஸியில் அடிக்க வேண்டும். சூடு 60 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் வைட்டமின். அகார் 40 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் கலந்து ஊற்றக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். அவசரப்பட்டு வைட்டமினைக் கொதியில் போட்டால் வைட்டமின் சி சிதையும். இளம் புழுவில் எதுவும் தெரியாது. பின்னால் வளர்ச்சி மந்தமாகி, தோலுரிப்பதில் தடுமாறும். ஊற்றிய உணவை ஆவி அடங்கும்வரை திறந்தே ஆறவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் கோக்கும் நீர்த்துளியில் முதல் பருவப் புழுக்கள் (முதல் தோலுரிப்புக்கு முந்தியவை) மூழ்கிச் சாகும். காய்ப்புழுவும் படைப்புழுவும் ஒன்றையொன்று தின்பவை. இரண்டாம் பருவம் முடிவதற்குள் வளர்ப்புத் தட்டில் குழிக்கு ஒன்றாகப் பிரிக்க வேண்டும்.

இனி, தற்காப்பை அளக்கும் விஷயம். தக்காளி இலையைப் புழு கடித்ததும் ஜாஸ்மோனிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனின் சமிக்ஞை பரவி, கடிபடாத இலைகளிலும் புரோட்டீஸ் தடுப்பிகள் (புரதம் செரிக்கும் நொதிகளை முடக்குபவை) சேர்கின்றன. பூச்சிக்கடி இந்தத் தடுப்பிகளைத் தூண்டுவதை ஆய்வாளர்கள் கிரீனும் ரையனும் 1972-இலேயே காட்டினார்கள். தடுப்பி புழுவின் குடலிலுள்ள டிரிப்சின் போன்ற நொதிகளைக் கட்டிப்போடும்; தின்ற புரதம் செரிக்காது. தயார்த் தூளிலோ கேசீன் தாராளம். தரமான புரதம் மிகுந்த உணவில் அதே அளவு தடுப்பியின் பாதிப்பு வெகுவாகக் குறைந்து தெரியும். புழு கொழுகொழுவென்று வளர்வதைப் பார்த்துத் தடுப்பிக்கு வீரியமில்லை என்று எழுதிவிட்டால் அது தவறான முடிவு. வயலில் இலை தரும் புரதம் அதைவிடக் குறைவு.

வைட்டமின் சி இன்னும் நுட்பமான சிக்கல். இலை நசுங்கும்போது அதிலுள்ள தற்காப்புச் சேர்மங்களான, குளோரோஜெனிக் அமிலம் போன்ற பீனால்கள் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் நொதியைச் சந்தித்துக் குயினோன்களாக மாறும். அவை புரதத்தின் லைசின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலப் பகுதிகளில் ஒட்டிக்கொண்டு அதைப் பயனற்றதாக்கும். வைட்டமின் சி அந்தக் குயினோனை மறுபடி பீனாலாகவே மாற்றிவிடும். செயற்கை உணவில் நொதியும் இருக்காது. ஆக, குளோரோஜெனிக் அமிலத்தை மட்டும் தூளில் கலந்தால் ஆயுதத்தில் பாதியைத்தான் சோதிக்கிறீர்கள், அதுவும் மாற்றுமருந்தோடு சேர்த்து. வைட்டமின் தனிப் பொட்டலமாக வருவது இங்கே உண்மையான அனுகூலம்: வைட்டமின் சி-யின் அளவை நாமே படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு அளவிலும் புழு எடையை ஒப்பிடலாம். முழுவதும் நீக்கிவிடக் கூடாது. புழுவுக்கு அது தேவை.

மலிவு என்று பயறு மாவு சார்ந்த தூளைச் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள். வளர்ப்புக்குக் குறையில்லை, தடுப்பி சோதனைக்கு ஆகாது. பயறு வகைகளில் இயல்பாகவே டிரிப்சின் தடுப்பிகள் உண்டு. மாவு எவ்வளவு வெந்தது என்பதைப் பொறுத்து மிச்சத் தடுப்பி ஒவ்வொரு கொதிப்பிலும் வேறுபடும். ஒப்பீட்டுக் குழுவே ஆட்டம் காணும்.

சோதனைக்கென்றே கலப்பவர்கள், தற்காப்புப் பொருள் உள்ள சாற்றைக் கரைப்பானோடு அப்படியே ஊற்றாமல் செல்லுலோஸ் தூளில் ஊறவைத்து, கரைப்பானை முழுக்க ஆவியாக்கிவிட்டுச் சேர்க்க வேண்டும். ஒப்பீட்டு உணவிலும் அதே கரைப்பான் கண்ட செல்லுலோஸ், அதே எடை. கூடுதல் செல்லுலோஸ் சத்தை நீர்க்கச் செய்யும். புழு ஈடுகட்ட அதிகம் தின்னும், நஞ்சும் அதிகம் உள்ளே போகும். எடையை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. தின்ற அளவையும் புழுவின் கழிவையும் உலர் எடையில் அளந்தால்தான், புழு தின்னாமல் மெலிந்ததா, தின்றும் செரிக்காமல் மெலிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியும். புழு இல்லாத சில உணவுத் துண்டுகளையும் கூடவே வைத்து, தானாக ஏற்படும் எடை இழப்பைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாத கணக்கு எதற்கும் உதவாது.

ஏழாம் நாள் எடையோடு நிறுத்துவதும் பெரிய பிழை. காய்ப்புழு தடுப்பிக்கு மசியாத வேறு டிரிப்சின்களைச் சுரந்து சமாளிக்கும் திறன் உள்ளது. தொடக்கத்தில் பின்தங்கிய புழு பிறகு எட்டிப் பிடிக்கலாம். கூட்டுப்புழுவாகும் நாள், ஓடு இறுகியபின் அதன் எடை, அந்துப்பூச்சியின் இறக்கை மூன்றையும் பதிவு செய்யுங்கள். சிறகு சுருங்கி வந்தால் லினோலெனிக் அமிலக் குறையைச் சந்தேகிக்கலாம். கோதுமை முளைக் கொழுப்பு கசந்து போன பழைய தூளில் இது நேரும். ஆளிவிதை எண்ணெய் சிறிதளவு சேர்த்தால் சரியாகும்.

இந்தத் தூளில் வளர்ந்த புழுவை நேரே பருத்தி இலைக்கு மாற்றினால் சில நாள் திணறும். பருத்தியிலுள்ள காசிபோல் போன்ற நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் அந்த நஞ்சைத் தின்ற பிறகே கூடுகின்றன. அந்தத் திணறலை ரகத்தின் எதிர்ப்பாகக் கணக்கில் எழுதாதீர்கள். முட்டையிலிருந்து வெளிவந்த புழுவையே இலையில் விடுவது நல்லது.

பூஞ்சைத் தடுப்பான் அளவு வளர்ப்புக்குப் போதும். பூசணம் வருகிறதென்று சார்பிக் அமிலம் போன்ற அந்தத் தடுப்பானைக் கூட்டாதீர்கள். மிகுந்தால் அதுவே வளர்ச்சியைக் குறைக்கும். பாத்திரச் சுத்தத்தையும் ஈரத்தையும் முதலில் கவனியுங்கள். திறந்த தூளைக் காற்றுப் புகாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஒரு சோதனை முழுவதற்கும் ஒரே தொகுதி எண் உள்ள பொட்டலங்களையே பயன்படுத்துங்கள்.