ரேவன் வண்ணப் புத்தகம்: மட்டக்களப்பில் வாங்க நினைப்போருக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து விசேட கல்வி அலகுகளில், பேச்சு வராத பிள்ளையின் பகுத்தறிதலைப் பார்க்க ஏதாவது வேண்டும் என்றால் முதலில் சொல்லப்படும் பெயர் ரேவன். ஜோன் ரேவன் 1947இல் வெளியிட்டு 1956இல் திருத்திய வண்ணப் படச் சோதனைப் புத்தகம் (Coloured Progressive Matrices) இது. 5 முதல் 11 வயது வரையான பிள்ளைகளுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் ஏற்றது. ஏ, ஏபி, பி என்று மூன்று தொகுதி, ஒவ்வொன்றிலும் 12 படம். மேலே ஒரு துண்டு வெட்டப்பட்ட கோலம். கீழே மூன்று மூன்றாக இரண்டு வரிசையில் ஆறு துண்டுகள். பிள்ளை விரலால் காட்டினால் போதும். நேரக் கட்டுப்பாடு இல்லை.

பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க வாங்கலாம். நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) சொல்வதற்கு மட்டும் என்றால் வேண்டாம்.

ஏ தொகுதி தொடர்ச்சியான கோலத்தை நிரப்பச் சொல்லும். ஏபியில் தனித்தனி உருவங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பியின் கடைசிப் பக்கங்களில் வண்ணமும் போய்விடும். ஒன்றுக்கு மற்றது எப்படியோ அப்படியே இதுக்கு எது என்று யோசிக்க வேண்டும். ஒவ்வொரு தொகுதியும் இலகுவாகத் தொடங்கி இறுகும். ஆகவே ஏயின் முடிவில் பிழை விட்ட பிள்ளையை அதோடு நிறுத்துவது பெரிய தவறு. ஏபியின் முதற் பக்கம் வந்ததும் முகம் தெளிந்து திரும்பவும் காட்டத் தொடங்கும் பிள்ளைகள் உண்டு.

முதற் படத்தில் விளக்கம் சொல்லலாம். "இதில ஒரு துண்டு வெட்டிக் கிடக்கு. இந்த ஆறில எது இதுக்குள்ள வடிவாப் பொருந்தும்? காட்டுங்க மனே." உருவம் பொருந்தாத துண்டு, கோலம் பொருந்தாத துண்டு இரண்டையும் தொட்டுக் காட்டி, பிள்ளைக்குப் பிடிபட்ட பிறகுதான் அடுத்த பக்கம். அம்மாவோ உம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் பின்னால். அவர் கண் போகும் துண்டுக்கே பிள்ளையின் விரலும் போகும்.

புள்ளி கூட்டும்போதுதான் கவனம் தேவை. ஆறில் ஒன்று என்பதால் கண்ணை மூடிக் காட்டினாலும் 36இல் 6 சரிவர இடமுண்டு. 6, 7 என்று வந்தால் விடைத்தாளைத் திருப்பிப் பாருங்கள். ஒரே இடத்துத் துண்டின் இலக்கம் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளை படத்தைப் பார்க்கவேயில்லை. கீழ்வரிசை மட்டும் வந்தால் கை எட்டவில்லையோ என்று யோசியுங்கள். மூளை வாதம் உள்ள பிள்ளைக்குப் புத்தகத்தைச் சாய்வுப் பலகையில் வைத்தால் மேல்வரிசையும் எட்டும். வெட்டுக்குப் பக்கத்தில் உள்ள உருவத்தையே திரும்ப எடுப்பது வேறு விசயம்: அந்தப் பிள்ளை பார்க்கிறது, ஒப்பிடுகிறது, ஆனால் ஒரு பக்கத்தை மட்டும். அதைத் தனியாகக் குறியுங்கள்; கற்பித்தலுக்கு மொத்தப் புள்ளியை விட அது உதவும்.

ஒவ்வொரு மொத்தப் புள்ளிக்கும் மூன்று தொகுதியிலும் எத்தனை எத்தனை வரவேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. ஏதாவது ஒரு தொகுதியில் 2க்கு மேல் விலகினால் அந்தப் புள்ளியை நம்ப வேண்டாம்.

பெரிய குறை, புள்ளியை அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் அட்டவணையில். சதமானம் (நூறு பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் புள்ளிக்குக் கீழே என்ற கணக்கு) 5உடன் நின்றுவிடுகிறது. நம் அலகுகளில் பெரும்பாலான பிள்ளைகள் அதற்குக் கீழேதான் விழுவார்கள். கொஞ்சம் யோசிக்கும் பிள்ளைக்கும் யோசனையே பிடிபடாத பிள்ளைக்கும் அட்டவணை ஒரே முடிவைத்தான் சொல்லும். அட்டவணையும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வைத்துப் போட்டது.

வண்ணப் பிரதி எடுத்துப் பாவிக்க வேண்டாம். நிறம் மங்கும், மெல்லிய கோடுகள் கலங்கும், பிள்ளை விட்ட பிழையா பிரதியின் பிழையா என்று தெரியாது. லேமினேட் செய்தாலும் யன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும்.

துண்டைக் கையால் எடுத்துப் பொருத்தும் பலகை வடிவமும் உண்டு. கை ஓரளவு பிடிக்கும், ஆனால் காட்டத் தெரியாத பிள்ளைக்கு அதுதான் நல்லது. ஒரு துண்டு தொலைந்தால் அந்தப் படமே வீண், ஆகவே ஒவ்வொரு முறையும் எண்ணி வையுங்கள்.

அறிக்கையில் மூன்று தொகுதிப் புள்ளியையும் பிழை வகையையும் எழுதுங்கள். குளிப்பது, உடுப்பது, கடைக்குப் போய் வருவது போன்ற அன்றாடத் திறன்களைத் தனியாக மதிப்பிடாமல் அறிவுசார் குறைபாடு என்று எழுத இந்தப் புத்தகம் மட்டும் போதாது. கண்ணும் காதும் பரிசோதித்த திகதியையும் மேலே போடுங்கள்.